புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள பெரியவரின் மலச்சிக்கலைக் கவனிப்பது எப்படி?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புரோஸ்டேட்டில் வரும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெரியவர் வலிக்கிறது என்பதைத் தாமாகவே சொல்லிவிடுவார். மலம் கழியவில்லை என்பதை மட்டும் மூன்று நான்கு நாட்கள் ஆன பிறகு, அதுவும் நாம் கேட்டால்தான் சொல்வார். அதற்குள் மலம் இறுகி, வயிறு உப்பி, பசியும் போயிருக்கும். இந்த நோயில் மலச்சிக்கலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நிறைந்த மலக்குடல் அருகிலுள்ள சிறுநீர்ப் பாதையை அழுத்துவதால், ஏற்கெனவே சிரமப்பட்டு இறங்கும் சிறுநீர் முற்றிலும் அடைபட்டுவிடக்கூடும்.

படி 1: கேளுங்கள், குறித்து வையுங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். மலம் கழிந்த நாள், நேரம், மலத்தின் தன்மை, முக்க வேண்டியிருந்ததா, முழுவதும் கழிந்த உணர்வு இருந்ததா என்பவற்றை எழுதுங்கள். மற்றவர் முன்னிலையில் இதைக் கேட்காதீர்கள். காலை மாத்திரை கொடுக்கும்போது தனியாகக் கேட்பதை வழக்கமாக்கினால் கூச்சம் சில நாட்களில் குறைந்துவிடும்.

தினமும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். நாள்கணக்கைவிட மலத்தின் தன்மையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1997இல் வெளியான பிரிஸ்டல் மல அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. தனித்தனிக் கட்டிகளாக வருவது முதல் வகை, கட்டிகள் ஒட்டிய உருளையாக வருவது இரண்டாம் வகை, இவ்விரண்டும் மலச்சிக்கலின் அடையாளங்கள். மூன்றும் நான்கும் நாம் விரும்பும் நிலை. மருத்துவரிடம் எந்த வகை என்று சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல நாட்கள் மலம் கழியாதவருக்குத் திடீரென்று நீராகக் கசிந்தால், இறுகிய மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தால் அடைப்பு மேலும் மோசமாகும்.

படி 2: மருந்துகளைப் பரிசோதியுங்கள்

உணவைக் குறை சொல்வதற்கு முன் எல்லா மருந்துகளையும் மேசைமேல் பரப்பிவைத்துப் பாருங்கள். மார்பின், டிரமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகள் குடலின் அசைவைத் தளர்த்துகின்றன. அவற்றால் வரும் தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும்; மலச்சிக்கல் அப்படிக் குறைவதில்லை. ஆகவே இந்த மருந்தைத் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் தொடங்குவதுதான் முறை. சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான், இரும்புச்சத்து மாத்திரை, ஹார்மோன் சிகிச்சையின்போது எலும்புக்காகத் தரப்படும் கால்சியம், சிறுநீர் அவசரத்தைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள், ஹார்மோன் சிகிச்சையில் தரப்படும் பைகலுடமைடு மாத்திரை ஆகியவையும் இந்தத் தொல்லையைத் தரலாம்.

பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் இறுகுகிறதே என்று பெரியவர் வலி மாத்திரையை ரகசியமாகத் தவிர்ப்பதும் உண்டு. வலியால் படுக்கையிலேயே கிடந்தால் குடல் இன்னும் மந்தமாகும்.

படி 3: நேரமும் அமரும் விதமும்

உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு வலுவாக இருக்கும். எனவே காலை உணவுக்கும் வெதுவெதுப்பான பானத்துக்கும் பிறகு சுமார் அரை மணி நேரத்துக்குள் அவரைக் கழிப்பறையில் அமர வையுங்கள். உட்காரும் கழிப்பறையாக இருந்தால், கால்களுக்குக் கீழே உறுதியான சிறு முக்காலியை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயரும்படி செய்யுங்கள். முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடைகளில் ஊன்றிக்கொண்டால் மலம் இறங்கும் வழி நேராகும். பத்து நிமிடங்கள் போதும். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் தடுமாறி மயக்கம் வரலாம். ஆகவே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கட்டும், கதவு உள்ளே தாழிடப்படாமல் இருக்கட்டும். நடக்க இயலாதவருக்குப் பெட்பேனைவிடக் கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலி நல்லது.

படி 4: தண்ணீர், உணவு, நடை

இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதால் இந்நோயாளிகள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். குறைப்பதற்குப் பதில், பகலில் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்து மாலைக்குப் பின் அளவைக் குறையுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காக நீரளவு வரையறுக்கப்பட்டிருந்தால் அந்த வரையறையே செல்லும். பழம், காய், பருப்பு ஆகியவற்றை நாள்போக்கில் கூட்டுங்கள். வீட்டுக்குள் சிறிது நடப்பதும் உதவும்.

படி 5: மலமிளக்கி

நார்ச்சத்து என்றதும் இசப்கோல் வாங்கிவிடுவார்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கும் மார்பின் வகை மருந்து எடுப்பவருக்கும் அது ஏற்றதல்ல; அசையாத குடலில் அது ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் பெரும்பாலும் குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசகோடில், நீரை இழுத்து மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் அல்லது மேக்ரோகால் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ தருவார்கள். சென்னா ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்வதால் இரவில் கொடுப்பது வசதி. லாக்டுலோஸுக்கு இரண்டு நாட்கள்கூட ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து கூடுதல் அளவு கொடுத்துவிட வேண்டாம். ஒருமுறை நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. வலி மருந்து தொடரும்வரை மலமிளக்கியும் தொடர வேண்டும். மலம் மிகவும் தளர்ந்தால் அளவை மாற்றுவது பற்றிக் கேளுங்கள்.

படி 6: ஆசனவாய் வழி மருந்து

எனிமாவையும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையையும் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். புரோஸ்டேட் மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. அண்மையில் அறுவையோ கதிர்வீச்சோ நடந்திருந்தால் அந்தச் சுவர் புண்படக்கூடும். கீமோதெரபியால் வெள்ளணுக்களோ, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ குறைந்திருக்கும்போது சிறு கீறலே நோய்த்தொற்றிலோ இரத்தக்கசிவிலோ முடியலாம். பாஸ்பேட் எனிமா முதியவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ஆபத்தானது. விரலால் மலத்தை எடுக்க முயல்வதும் வேண்டாம்.

படி 7: காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மருந்து கொடுத்தும் மூன்று நாட்கள் மலம் கழியவில்லையென்றால் தொலைபேசியில் சொல்லுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மலச்சிக்கலோடு மிகுந்த தாகமும் குழப்பமும் சேர்ந்தால், இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த நோய் முதுகெலும்புக்குப் பரவக்கூடியது. புதிதாக வந்த முதுகுவலி, கால்கள் தளர்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும், இரவானாலும், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதித்தால் கால்களின் பலம் திரும்பாமலே போகலாம். நோட்டுப் புத்தகத்தையும் மருந்துகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.