புவியியல் செயல்பாடுகள்: புதிதாக வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்கப் புதிதாக வரும் ஆசிரியர்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. செயல்திட்டம், மாதிரி, களப்பயணம் என்று எல்லாவற்றையும் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் நாங்கள் எந்தெந்தப் பள்ளங்களில் விழுந்து எழுந்தோமோ, அதே பள்ளங்களில் அவர்களும் விழுகிறார்கள். குளோப் எடுத்துவர மறப்பது, அட்லஸ் இல்லாமல் வகுப்புக்குள் போவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவையெல்லாம் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சுருக்கிய ஜெராக்ஸில் தூரம் அளப்பது

இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட்டை, அதாவது மேடு, ஓடை, சாலை எல்லாம் காட்டும் விரிவான வரைபடத்தை, வகுப்புக்குக் கொண்டுவருவது அருமையான வேலை. 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கிலோமீட்டர். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் அவ்வளவு பெரிய தாளை யாரும் அப்படியே கொடுப்பதில்லை. ஏ4 தாளில் அடங்கும்படி சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள். கீழே 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். பாதியாகச் சுருக்கியிருந்தால் உண்மையில் அது 1:1,00,000. ஸ்கேல் வைத்து அளக்கும் பிள்ளைக்கு நாலு கிலோமீட்டர் தூரம் இரண்டாகத்தான் வரும். அந்த வழியில் தினமும் சைக்கிளில் வரும் மாணவன் "சார், இவ்வளவு கிட்டவா?" என்று கேட்டால் அவன் கேட்பதுதான் சரி.

சுருக்கினாலும் பெருக்கினாலும் படத்தோடு சேர்ந்து மாறுவது கோட்டளவை (தூரம் குறித்துப் போட்டிருக்கும் கோடு) மட்டும்தான். ஆகவே நகல் எடுக்குமுன் 1:50,000 என்ற எண்ணளவையை மறைத்துவிட்டுக் கோட்டளவையை மட்டும் விடுங்கள். புரொஜெக்டரில் காட்டினாலும் இதே கதைதான். இன்னொன்று, கருப்பு வெள்ளை நகலில் பழுப்பு நிறச் சமவுயரக் கோடு, நீல ஓடை, சிவப்புச் சாலை எல்லாம் ஒரே கருப்பாகிவிடும். குழுவுக்கு ஒரு கலர் நகல் போதும். ஆளுக்கொரு கருப்பு நகல் எதற்கும் உதவாது.

எரிமலை மாதிரி

சோடா உப்பும் வினிகரும் பொங்குவது வேதியியல். புவியியல் கண்காட்சியில் வைக்காதீர்கள்.

மழைமானியை வசதியான இடத்தில் வைப்பது

வடகிழக்குப் பருவமழையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அளப்பதைவிட நல்ல செயல்திட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு இல்லை என்பது என் எண்ணம். மாநிலத்துக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு பழைய இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்.

அப்படியிருந்தும் இதில் நடக்கும் தவறுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். ஏனென்றால் இதைத் திருத்த வழியில்லை. வரைபடத்தைத் தப்பாக வரைந்தால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். நவம்பர் மழையைத் தப்பாகப் பிடித்தால் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். அங்கே செயல்திட்டத்துக்கு யார் நேரம் தரப்போகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மழைமானியை ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடு மேல் வைத்தார்கள். காலையில் கையை நீட்டினால் எடுத்துவிடலாம் என்பதுதான் காரணம். தலைக்கு மேலே வேப்பமரக் கிளை. காற்று ஒரு பக்கமாக அடித்தால் சுவர் மழையை மறைத்துவிடும். மறுபக்கமாக அடித்தால் மொட்டைமாடித் தண்ணீர் சொட்டி பாட்டில் நிரம்பும். மூன்று மாதமும் பிள்ளைகள் ஒழுங்காகக் குறித்தார்கள். கலர் கலராகப் பட்டை வரைபடம் போட்டார்கள். அதில் இருந்தது ஊரில் பெய்த மழை அல்ல, வேப்பிலையில் வழிந்ததும் மாடியில் சொட்டியதும்தான். அத்தனை உழைப்பும் வீணாகிவிட்டது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் சரியான இடம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் இருக்கும் கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். ஐந்து மீட்டர் உயரக் கட்டடம் என்றால் பத்து மீட்டர். வானிலை ஆய்வுத் துறை வைக்கும் மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும், நீங்களும் அப்படியே வையுங்கள். தரையோடு தரையாக வைத்தால் சேறு தெறிக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் சுழன்றடிக்கும் காற்று துளிகளை வாய்க்குள் விழவிடாது. மணல் நிரப்பிய வாளியில் பாட்டிலைப் பாதி புதைத்துவிட்டால் சாயாது. பந்து படும் என்ற பயம் இருந்தால் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள்.

அடுத்தது புனல். மண்ணெண்ணெய் ஊற்றும் அகலப் புனலை ஒல்லி பாட்டிலில் செருகிவிட்டு, பாட்டிலில் நிற்கும் நீரின் உயரத்தை அப்படியே மழையளவாக எழுதுகிறார்கள். புனல் வாய் 10 செ.மீ. விட்டம், பாட்டில் 5 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு நாலு மடங்கு வித்தியாசம். 20 மி.மீ. மழை 80 மி.மீ. என்று காட்டும். மிதமான மழை பெய்த நாளைப் பெருமழை நாளாக எழுதியிருப்பார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதற்கு நல்ல வழி, பிடித்த நீரை அறிவியல் ஆய்வகத்து அளவுச்சாடியில் ஊற்றி அளப்பது. எத்தனை மில்லிலிட்டரோ, அதைப் புனல் வாயின் பரப்பால் வகுத்தால் மழையளவு சென்டிமீட்டரில் வரும். 10 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 157 மில்லி நீர் கிடைத்தால் 2 செ.மீ. மழை. கணக்கு வாத்தியாரும் மகிழ்ச்சியடைவார்.

சரி, இடமும் புனலும் ஒழுங்காகிவிட்டன. இப்போதுதான் பெரிய ஓட்டை வருகிறது: மழை விடுமுறை. எந்த நாளில் மழை அதிகமோ அந்த நாளில்தான் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். பள்ளி பூட்டிக் கிடக்கும். அளவெடுக்க ஆளில்லை. பருவம் முழுவதற்குமே முக்கியமான அந்த ஒரு நாள் பதிவேட்டில் இருக்காது. 2023 டிசம்பர் 18 காலை எடுத்த அளவில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். 2015 டிசம்பர் 2 காலை தாம்பரத்தில் 49 செ.மீ. குளிர்பான பாட்டில் மழைமானி இரண்டிலுமே நிரம்பி வழிந்திருக்கும். அதனால் அக்டோபர் பிறக்கும் முன்பே, வீட்டுக்கு எதிரில் திறந்த வெளி உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வீட்டிலும் ஒவ்வொரு மழைமானி வையுங்கள். தெருவில் தண்ணீர் ஓடும் நாளில் வெளியே போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாசலுக்கு எட்டிய தூரத்தில் வைத்தது மட்டும் போதும். வழிந்துவிட்டால் 'வழிந்தது' என்று எழுதட்டும். அதுவும் தகவல்தான்.

நேரமும் முக்கியம். வானிலைத் துறையின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30 மணிக்கு முடிகிறது. செவ்வாய்க்கிழமை மாலை பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் வரும். இது தெரியாமல் செய்தித்தாளில் வரும் மழையளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, தங்கள் அளவு தப்பு என்று நினைத்துத் திருத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

திருத்துவது என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது விடுபட்ட கட்டங்களில் 5, 10, 15 என்று எண்கள் முளைக்கும். அதைச் சில ஆசிரியர்களே தூண்டிவிடுகிறார்கள்: "காலியா இருந்தா நல்லா இருக்காது, ஏதாவது போடு." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மழை இல்லாத நாளுக்கு 0, அளக்காத நாளுக்குக் கோடு. இரண்டும் வேறு வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெற்றுக் கோடுகள் நிறைந்த பதிவேட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இட்டுக்கட்டியதற்குக் கொடுக்க மாட்டேன். தாலுகா அலுவலக மழைமானியின் அளவை வாங்கிப் பக்கத்தில் எழுதி, ஏன் வித்தியாசம் என்று பேசவிட்டால் ஒரு பாடவேளை போதாது.

ஜூன் மாதத்தில் நண்பகல் நிழலை வைத்து வடக்கைத் தேடுவது

'நண்பகலில் நிழல் வடக்கே விழும்' என்பது கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு எழுதிய வாசகம். நாம் இருப்பது 8 முதல் 13½ பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் கம்புக்கு சுமார் 18 செ.மீ. நிழல், அதுவும் தெற்கு நோக்கி. பள்ளி திறந்ததும் இந்தச் செயல்பாட்டை வைத்துவிட்டுத் திசையை மாற்றிச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு.

மேலும் கடிகாரத்தில் 12 மணி என்பது நம் நண்பகல் அல்ல. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோயம்புத்தூர் 77 பாகைக்கு அருகில் இருப்பதால் அங்கே நண்பகல் சராசரியாக 22 நிமிடம் தாமதம். மாதத்துக்கு மாதம் அதுவும் கூடிக் குறையும். கடிகாரத்தை விட்டுவிடுங்கள். காலையில் கம்பின் நிழல் நுனியைக் குறித்து, அந்த நீளத்தை ஆரமாக வைத்துக் கம்பைச் சுற்றி வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டையும் இணைத்தால் மேற்கு கிழக்குக் கோடு. எந்த மாதத்திலும், எந்த ஊரிலும் பொய்க்காது.

மேப் கேள்வியை ஜனவரிக்கு ஒத்திவைப்பது

நர்மதை பாடம் நடக்கும் அன்றே நர்மதையை மேப்பில் வரையுங்கள்.

முன்கூட்டிப் பார்க்காத இடத்துக்குக் களப்பயணம்

ஊர் ஏரி போதும், தொலைவு தேவையில்லை. கரை, மதகு, கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்), வரத்து வாய்க்கால் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஆனால் முந்தைய வாரம் நீங்கள் தனியாகப் போய்க் கரை மேல் நடந்து பாருங்கள். வழுக்கும் இடம், ஆழமான இடம், நிழல், குடிநீர், முக்கியமாகக் கழிப்பறை. அது இல்லாத இடத்தில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கேள்வித்தாளில் ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் ஏரியைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

வீடுகளோடு ஊர் வரைபடம் வரையச் சொல்வது

ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வீடு எந்தத் தெருவில் என்று வரைந்து வரச் சொல்வது, சாதியை எழுதி வரச் சொல்வதுதான். ஆசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் படம் வகுப்புச் சுவரில் ஒட்டப்படும்போது ஒரு பிள்ளை தலை குனிந்து நிற்கும்.

வீடுகளை விட்டுவிடுங்கள். தொடக்கப் புள்ளி பள்ளி வாசலாக இருக்கட்டும். கிணறு, கைப்பம்பு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், மழைத்தண்ணீர் ஓடும் திசை, தேங்கும் பள்ளம் ஆகியவற்றைக் காலடி எண்ணி அளந்து வரையட்டும். எந்தப் பக்கம் குழாய் இல்லை, எந்தப் பக்கம் தண்ணீர் வடிவதில்லை என்பது படத்தில் தெரியவரும். கேள்வி கேட்பார்கள், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஏற்கெனவே வீடுகளோடு வரைந்து கொண்டுவந்துவிட்டார்கள் என்றால், மதிப்பெண் போட்டு, யாருக்கும் காட்டாமல் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.