சர்வர் போச்சுன்னா டிஸ்க்கையும் சேர்த்து கொன்னுடாதீங்க

சர்வர் ஆன் ஆகலன்னா முதல்ல எது போச்சுன்னு பாருங்க. பவர் சப்ளையோ மதர்போர்டோ போயிருந்தா ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், டேட்டாவும் அப்படியே உள்ள இருக்கும். மேனேஜர் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை போன் பண்ணி "வந்துடுச்சா வந்துடுச்சா"ன்னு கேக்கற டென்ஷன்ல நாமதான் அந்த நல்ல டிஸ்க்ல கைய வச்சு கெடுத்துடறோம்.

டிஸ்க்கை உருவறதுக்கு முன்னாடி எந்த ஸ்லாட்ல எது இருந்துச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்துக்கங்க. நாலு டிஸ்க்கையும் உருவி மேஜை மேல அடுக்கிட்டு அப்புறம் எது எதுன்னு முழிச்ச ஆளு நான், அதனால சொல்றேன். இன்னொண்ணு, சாஸ் (SAS, சர்வர்ல வர்ற இணைப்பு வகை) டிஸ்க்கா சாட்டா (SATA, சாதா பிசில வர்றது) டிஸ்க்கான்னு பாருங்க. சாட்டா டிஸ்க் சாஸ் கன்ட்ரோலர்ல ஓடும், ஆனா சாஸ் டிஸ்க் சாதா பிசியோட சாட்டா போர்ட்ல மாட்டவே மாட்டாது.

வேற மெஷின்ல மாட்டினதும் விண்டோஸ் சில சமயம் "இனிஷியலைஸ் பண்ணணும்", "ஃபார்மட் பண்ணட்டுமா"ன்னு கேக்கும். டிஸ்க் காலின்னு அர்த்தம் இல்ல, உள்ள இருக்கறது அதுக்கு புரியல, அவ்வளவுதான். கேன்சல் பண்ணுங்க. சில யூஎஸ்பி டாக் (டிஸ்க்கை யூஎஸ்பில மாட்டற பெட்டி) 512 பைட் செக்டரை, அதாவது டிஸ்க்கோட சின்ன துண்டை, 4096னு மாத்தி காட்டும், அதனாலயும் பார்ட்டிஷனே (டிஸ்க்கோட பிரிவு) தெரியாம போகும், நேரடியா போர்ட்ல மாட்டினா அது பொறுமையா வந்து நிக்கும்.

ரெய்டுதான் (பல டிஸ்க்கை சேர்த்து ஒண்ணா ஓட்டற முறை) அதிகம் பேர் சறுக்கற இடம். ஹார்ட்வேர் ரெய்டு டிஸ்க்குகளை அதே வகை வேற கன்ட்ரோலர்ல மாட்டினா பெரும்பாலும் "ஃபாரின் கான்ஃபிகரேஷன்"னு (வேற கன்ட்ரோலர்ல உருவாக்கின அமைப்புன்னு) காட்டும், அதை இம்போர்ட் பண்ணணும், கிளியர் பண்ணக்கூடாது, புதுசா ரெய்டு உருவாக்கி இனிஷியலைஸ் கொடுக்கவே கூடாது. லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டுலயும் இதே கதைதான், இருக்கற ரெய்டை திரும்ப சேர்க்க அசெம்பிள்னு ஒரு கமாண்ட் இருக்கு, புதுசா உருவாக்க கிரியேட்னு ஒண்ணு இருக்கு, அசெம்பிள் ஆகலன்னதும் பொறுமையில்லாம கிரியேட் அடிச்சா ரெய்டு விவரம் இருக்கற பழைய சூப்பர்பிளாக் மேல புதுசு எழுதிடும், டிஸ்க் வரிசையும் தப்பா இருந்து ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒத்துப்போக வைக்கறது) ஓடிச்சுன்னா நம்ம ஃபைல் மேலயே பாரிட்டி (போன டிஸ்க்கை மீட்க வைக்கற கணக்கு) எழுதிட்டு போயிடும். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாத்தான் தாங்கும். மிச்ச டிஸ்க்கெல்லாம் அதே வயசு, புது டிஸ்க்கை மாட்டி ரீபில்டு ஓடறப்ப அதையெல்லாம் முழுசா படிக்கணும், அப்ப இரண்டாவது டிஸ்க் மண்டையப்போட்டா அவ்வளவுதான், அதனால பேக்கப் இல்லாத அர்ரேல (ரெய்டு டிஸ்க் கூட்டம்) காபி எடுக்காம ரீபில்டுல கை வைக்காதீங்க.

டிஸ்க்கே வீக்கா இருந்தா எஃப்எஸ்சிகே, செக்டிஸ்க் எதையும் அது மேல ஓட்டாதீங்க. அதெல்லாம் ஃபைல் சிஸ்டத்தை சீர் பண்ற டூல், டேட்டாவை காப்பாத்தற டூல் இல்ல, சீர் பண்றேன்னு டிஸ்க்ல எழுதும். ரீட் ஒன்லியா (படிக்க மட்டும்) மவுண்ட் பண்ணிட்டோமேன்னு நிம்மதியாவும் இருக்காதீங்க, இஎக்ஸ்டி4ங்கற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ரீட் ஒன்லி மவுண்ட் பண்ணாலும் ஜர்னலை (முடியாத மாற்றங்களோட குறிப்பு) ரீப்ளே பண்றப்ப டிஸ்க்ல எழுதும், நோலோட் ஆப்ஷன் சேர்த்து கொடுக்கணும், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்னா நோரெக்கவரி. இது ரொம்ப பேருக்கு தெரியாது.

நான் பண்றது, முதல்ல டிடிரெஸ்க்யூங்கற லினக்ஸ் டூல்ல முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு குளோன் (அப்படியே நகல்) எடுத்துடுவேன். அது நல்ல ஏரியாவை முதல்ல அள்ளிட்டு கெட்ட செக்டரை கடைசியா முட்டும். எது வரைக்கும் படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கற மேப் ஃபைல் கண்டிப்பா கொடுங்க, நடுவுல நின்னுபோனா விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எந்த டிஸ்க் சோர்ஸ் எது டெஸ்டினேஷன்னு சீரியல் நம்பர் வச்சு ரெண்டு தடவை பாருங்க, மாத்தி அடிச்சா காலி டிஸ்க்கை எடுத்து டேட்டா மேல பூசிடும். அப்புறம் எந்த சோதனையும் குளோன் மேலதான்.

டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே பவரை எடுத்துடுங்க, டேட்டாவை படிக்கற ஹெட் போயிருக்கலாம், ஓட ஓட பிளாட்டரை (டேட்டா இருக்கற தட்டு) கீறும். ஃப்ரீசர்ல வைக்கறது, வீட்டுல திறந்து பாக்கறது எல்லாம் வேணாம். அதே மாடல் டிஸ்க்கோட சர்க்யூட் போர்டை கழட்டி மாத்தினாலும் இப்ப வர டிஸ்க்ல பெரும்பாலும் ஓடாது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அளவுகள் அந்த போர்டு சிப்லதான் இருக்கும். நேரா ரெக்கவரி லேபுக்கு கொடுத்துடுங்க.

பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க் பூட்டு) போட்ட டிஸ்க்னா மதர்போர்டு போனதோட அதுல இருக்கற டிபிஎம் சிப்போட கீயும் போச்சு, 48 இலக்க ரெக்கவரி கீ எங்க வச்சீங்கன்னு இப்பவே தேடுங்க.

ஃபைல் காபி பண்றப்ப ஆர்சிங்க்ங்கற காபி டூல்ல நியூமெரிக் ஐடி ஆப்ஷன் போடுங்க, இல்லன்னா ஓனர்ஷிப் (எந்த ஃபைல் யாரோடதுங்கறது) தாறுமாறா ஆயிடலாம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல டேபிள் டேட்டா இருக்கற ஐபிடி ஃபைலை மட்டும் எடுத்துட்டு வந்து டேபிள் வரலயேன்னு கேக்கறவங்க நிறைய, முழு டேட்டா டைரக்டரியையும் எடுங்க. வேலை முடிஞ்சதும் பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி வேற எதுக்காவது மாட்டிடாதீங்க, ஸ்டிக்கரோட டிராயர்ல போடுங்க, ஒரு மாசம் கழிச்சு யாராவது வந்து "அந்த ஃபோல்டர் எங்க?"ன்னு நிப்பாங்க.