பழைய காந்தப் பதிவுத் தாள்ல இருந்து சூரியப் புயலை எடுக்கிறது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபிசிக்ஸ் படிக்கிற பசங்க ப்ராஜெக்ட் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன், பெரிய லேப் எதுவும் வேணாம், ஒரு லேப்டாப்பும் பொறுமையும் போதும்.

சூரியன்ல இருந்து வெடிச்சு வர்ற பிளாஸ்மா பூமியோட காந்தப்புலத்துல மோதினா, பூமியைச் சுத்தி ஓடுற வளைய மின்னோட்டம் பலமாகி நம்ம ஊர் மாதிரி இடத்துல கிடைமட்டக் காந்தப்புலம் இறங்கும். 1859 செப்டம்பர்ல பம்பாய் கொலாபாவுல பதிவான இறக்கம் சுமார் 1600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு), சாட்டிலைட் இல்லாத காலம், கண்ணால பாத்து கையால எழுதினது!

முதல்ல நாளைப் பிடிங்க. 1921 மே நடுவுல வந்த பெரும்புயல் நல்ல தொடக்கம். நவி மும்பை இந்தியப் புவிகாந்த நிறுவனத்துக்கு எழுதி, கொடைக்கானல், மும்பை பக்கத்துல இருக்கிற அலிபாக் ஆய்வகங்கள்ல காந்தப்புலம் மாறுறதை வளைகோடா பதிஞ்ச தாள் கிடைக்குமான்னு கேளுங்க.

ஸ்கேன் பண்ணும்போது ஓரத்தை வெட்டாதீங்க. அங்கதான் தேதி, அடிக்கோட்டு மதிப்பு (எந்த நேர்கோட்டுல இருந்து அளக்கணுமோ அதுக்கான காந்தப்புல அளவு), ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை காமாங்கிற (நானோடெஸ்லாவோட பழைய பேர்) அளவு எல்லாம் எழுதியிருப்பாங்க, அது போச்சுன்னா மிச்சம் இருக்கிறது வெறும் கோடுதான்.

அடுத்து நேரம். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. பம்பாய் உள்ளூர் நேரம் இப்போதைய இந்திய நேரத்தை விட 39 நிமிஷம் பின்னாடி, அதனால தாள்ல எந்த நேரம் போட்டிருக்குன்னு பாத்துட்டு எல்லாத்தையும் உலக நேரத்துக்கு மாத்துங்க.

இப்போ அளக்கலாம். அடிக்கோட்டுல இருந்து வளைகோடு எவ்வளவு தள்ளி இருக்குன்னு மணிக்கொரு தடவை எடுங்க. 20 மில்லிமீட்டர் மேல இருக்கு, அளவு 5 காமா, அடிக்கோடு 38000னா விடை 38100, ஒரு காமாங்கிறது ஒரு நானோடெஸ்லாவேதான். புயல் உச்சத்துல கோடு மங்கிடும், இல்ல தாளை விட்டே வெளிய ஓடிடும், அந்த இடத்தைக் காலியா விடுங்க, தயவுசெஞ்சு குத்துமதிப்பா இழுத்து நிரப்பாதீங்க, அப்புறம் அதையே நிஜமான அளவீடுன்னு நம்பி இன்னொருத்தர் கணக்குப் போடுவாரு.

கடைசியா அமைதியான நாட்களோட சராசரியைக் கழிங்க. கொடைக்கானல் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம்ங்கிறதால மத்தியானம் தானாவே மேடு ஏறும், அதைப் புயல்னு எடுத்துக்காதீங்க. அலிபாக்லயும் அதே நேரம் இறக்கம் தெரிஞ்சா அதுதான் புயல். எண்களையும் ஸ்கேனையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, எந்த எண்ணை எந்தத் தாள்ல இருந்து எடுத்தீங்கன்னு குறிச்சு வைங்க.