சண்டி ஹோமத்தில் பொருளறிந்து அமர்வது எப்படி?

சண்டி ஹோமத்திற்கு அழைப்பு வந்தால், நிறைவு ஆகுதியான பூர்ணாகுதி நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து, ஹோமச் சாம்பலாலான ரட்சை இட்டுக்கொண்டு திரும்புவதே நம்மில் பலரின் வழக்கம். அதில் குற்றமில்லை, ஆனால் அந்த ஹோமம் எதைச் சொல்கிறது என்பது அதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

முந்தைய நாளே, இந்த ஹோமத்தில் ஓதி ஆகுதி இடப்படும் தேவி மாஹாத்மியத்தின் கதையைத் தமிழில் ஒருமுறை படித்துவிடுங்கள். மார்க்கண்டேய புராணத்தில் உள்ள இந்நூல் 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் கொண்டது. முதல் அத்தியாயம் மகாகாளிக்கும், அடுத்த மூன்று மகாலட்சுமிக்கும், எஞ்சிய ஒன்பது மகாசரஸ்வதிக்கும் உரியவை. கதை தெரிந்தவருக்கு, எந்த இடத்தில் எருமை வடிவ அசுரனான மகிஷன் வீழ்கிறான், எந்த இடத்தில் தேவர்கள் துதிக்கிறார்கள் என்பது ஓதுபவரின் குரலிலேயே புலப்படும்.

அடுத்தது சங்கல்பம், அதாவது இன்னதை வேண்டி அமர்கிறோம் என்ற உறுதிமொழி. பெயர், கோத்திரம், நட்சத்திரம் ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், எதை வேண்டி அமர்கிறோம் என்பதை மனத்தில் ஒரே வாக்கியமாக்கிக் கொள்ளுங்கள். நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், பொருளாசை கொண்ட மனைவி மக்களால் விரட்டப்பட்ட சமாதி என்ற வணிகனும் மேதஸ் முனிவரிடம் இக்கதையைக் கேட்டு, ஆற்றங்கரையில் மண்ணால் தேவியின் உருவம் சமைத்து, மலராலும் தூபத்தாலும் அக்னியாலும் மூன்றாண்டுகள் வழிபட்டார்கள் என்று நூலின் இறுதி அத்தியாயம் கூறுகிறது. அரசன் நாட்டைக் கேட்டுப் பெற்றான். வணிகன் 'நான், எனது' என்னும் பற்றை அறுக்கும் ஞானத்தைக் கேட்டுப் பெற்றான். தேவி இருவரையுமே கடிந்துகொள்ளவில்லை. ஆகவே பிள்ளையின் வேலைக்காகவோ உடல்நலத்துக்காகவோ வேண்டிக்கொள்வதற்குக் கூச வேண்டியதில்லை.

ஹோமம் தொடங்கியதும் செவியை ஒரே சொல்லின்மேல் வையுங்கள்: ஸ்வாஹா. தீயில் இடும் ஆகுதியைத் தேவதையிடம் சேர்க்கும் சொல் இது. புராணங்கள் ஸ்வாஹாவை அக்னியின் மனைவி என்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே பிரம்மன், 'ஸ்வாஹாவும் நீயே, (முன்னோர்க்கு இடும்போது சொல்லும்) ஸ்வதாவும் நீயே' என்று தேவியைத் துதிக்கிறான். அப்படியானால் பெறுபவள் மட்டுமல்லள், கொண்டுசேர்க்கும் சொல்லும் அவளே. இரண்டாம் அத்தியாயத்தில் தேவர்களின் உடல்களிலிருந்து வெளிப்பட்ட ஒளியெல்லாம் எரியும் மலைபோலத் திரண்டு பெண்ணுருவாகிறது. லலிதா சஹஸ்ரநாமமோ அவளை 'சிதக்னிகுண்ட ஸம்பூதா', அதாவது அறிவு என்னும் வேள்விக் குண்டத்தில் தோன்றியவள் என்று போற்றுகிறது. இவற்றை நினைவில் கொண்டு பார்த்தால், எதிரே எரிவது தேவிக்குக் காணிக்கை அனுப்பும் அடுப்பாகத் தோன்றாது. வேள்வியில் ஆகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ந மம', 'எனதன்று', என்ற சொல்லையும் அப்போதே உங்கள் சங்கல்பத்தோடு பொருத்திப் பாருங்கள். கேட்டதை அங்கேயே விட்டுவிடுவதுதான் கடினமான பகுதி.

சண்டிக்கு உரிய ஒன்பது எழுத்து மந்திரமான நவாக்ஷரியைக் குருவிடம் உபதேசம் பெறாதவர்கள் உடன் உச்சரிக்க முயல வேண்டாம், கேட்டாலே போதும். ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் 'யா தேவீ ஸர்வபூதேஷு' துதியில் மட்டும் 'நமஸ்தஸ்யை' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். பசி, தூக்கம், நினைவு மட்டுமன்றி மயக்கமாகவும் அவள் எல்லா உயிர்களிலும் இருப்பதாக அத்துதி சொல்வதைக் கவனியுங்கள்.

பூர்ணாகுதிக்குப் புடவை தருவதானால் பட்டோ பருத்தியோ தாருங்கள். மினுக்கும் செயற்கை இழைத் துணி தீயில் உருகிக் கரும்புகை கக்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை அதை வாங்க மாட்டார்கள். கர்நாடகத்தின் கொல்லூர் மூகாம்பிகை போன்ற தலங்களில் சண்டிகா ஹோமம் செய்விக்க விரும்புவோர், ஹோமத்துக்கான நாளையும் கொண்டுவர வேண்டியவற்றையும் முன்கூட்டியே கோயிலில் கேட்டறிவது நல்லது.

பூர்ணாகுதி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். உலகிலுள்ள பெண்கள் அனைவரும் உன் வடிவங்களே என்று பதினோராம் அத்தியாயம் தேவியிடம் கூறுவதை, சிறுமியரைத் தேவியாக வழிபடும் கன்யா பூஜையிலும் சுமங்கலிகளை வழிபடும் சுவாசினி பூஜையிலும்தான் கண்ணெதிரே காண்கிறோம். அங்கே அமர்ந்திருக்கும் சிறுமிக்கு வளையலும் பாவாடையும் கொடுத்து, அவள் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்து, பிறகு ரட்சை வாங்கிக்கொள்ளுங்கள்.