கத்திரி வெயிலும் எம்.எஸ். நோயும்: உடல் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் வழிகள்

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கோடைக்காலம் கடினமானது. காலையில் நன்றாக நடந்தவருக்கு நண்பகலில் கால்கள் கனக்கும், பார்வை மங்கும், சோர்வு ஆளையே சாய்த்துவிடும். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடங்களில் மின்சமிக்ஞை ஏற்கெனவே தடுமாறித்தான் செல்கிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே அது அங்கே நின்றுவிடக்கூடும். உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் பதிவு செய்ததால், இந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. உடல் குளிர்ந்ததும் இது விலகிவிடும். நரம்பில் புதிய சேதத்தை உண்டாக்குவதில்லை. ஆயினும் அந்தச் சில மணி நேரத்தில் மாடிப்படியிலோ குளியலறையிலோ விழுந்தால் எலும்பு முறிவது உண்மையான ஆபத்து.

சூடு ஏறிய பின் தணிக்க முயல்வதைவிட, ஏறுவதற்கு முன்பே உடலைக் குளிர்வித்துக்கொள்வதுதான் அதிகப் பயன் தரும். வெளியே செல்வதற்கும் பயிற்சி செய்வதற்கும் அரை மணி நேரம் முன்னதாக, இளஞ்சூட்டு நீரில் தொடங்கிப் படிப்படியாகக் குளிர்ந்த நீருக்கு மாறிக் குளிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டால் சிலருக்குத் தசை இறுக்கம் கூடிவிடும். குளிரூட்டும் மேலங்கிகள் கிடைக்கின்றன; விலை கட்டுப்படியாகாதவர்கள் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது துணியில் பொதிந்த ஐஸ் பொட்டலங்களைக் கைவைக்காத சட்டையின் பைகளில் வைத்து அணியலாம். தோலில் மரத்துப்போன பகுதி உள்ளவர்களுக்குக் குளிரால் ஏற்படும் புண் தெரியாது என்பதால், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம்.

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகும் பழக்கத்தை இந்த நோயாளிகள் கைவிடத் தேவையில்லை; வெந்நீரைத்தான் கைவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. புழக்கத்துக்கு வரும் முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி அறிகுறிகள் கூடுகின்றனவா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது என்பதிலிருந்து அதன் வீரியம் விளங்கும். "உடம்புச் சூடு தணியும்" என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தும்போது, வெதுவெதுப்பான நீரில், வழுக்காத பலகையில் அமர்ந்து குளிப்பதாகச் சொல்லி அவர்களை இணங்க வைக்கலாம்.

வீட்டைக் குளிர்விக்கும் முறை ஊரைப் பொறுத்தது. வேலூர், திருச்சி போன்ற வறண்ட வெக்கை நிலவும் ஊர்களில் ஏர் கூலரும் நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலோ காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் புழுக்கத்தையே கூட்டும். வியர்வை ஆறாமல் உள்வெப்பம் உயரும். அங்கே ஏ.சி.யை ஆடம்பரம் என்று கருதாமல், ஒரே ஓர் அறையிலாவது பொருத்தி 24 டிகிரியில் வைத்து, பகல் 11 மணி முதல் 4 மணி வரை அந்த அறையில் இருப்பது நல்லது. அறைக்காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது மின்விசிறி மட்டும் போதாது. தோலை நனைத்துக்கொண்டு விசிறியின் கீழ் அமர்ந்தால் ஓரளவு பலன் உண்டு.

வெளிவெயிலைப் பற்றிப் பேசுகிற அறிவுரைகள் பெரும்பாலும் சமையலறையை மறந்துவிடுகின்றன. மதிய வேளையில் இரண்டு அடுப்புகளுக்கு எதிரே நின்று தோசை வார்ப்பது, நிழலான தெருவில் நடப்பதைவிடக் கடுமையானது. காலை எட்டு மணிக்குள் சமையலை முடிப்பதும், நறுக்கும் வேலையை மேசையில் அமர்ந்து செய்வதும், இரவுக்குக் கம்பங்கூழ், தயிர்சாதம் போன்ற அடுப்பருகே நிற்க வேண்டாத உணவை வைத்துக்கொள்வதும் உதவும். இதற்கு வீட்டில் உள்ள மற்றவர்கள் கைகொடுத்தே ஆக வேண்டும்.

அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும் என்று பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது சிறுநீர்த் தொற்றில் முடிந்து, அதனால் காய்ச்சல் வந்து, வெயிலைவிட மோசமாக அறிகுறிகளைத் தூண்டும். ஒரேயடியாகக் குடிக்காமல் சிறிது சிறிதாக நாள் முழுவதும் நீர், நீர்மோர் அருந்தி, உறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். எனவே அவற்றை உண்பவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். எம்.எஸ். நோய்க்குப் போடப்படும் இன்டர்ஃபெரான் ஊசிகள் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை என்பதால், நீண்ட மின்வெட்டின்போது என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவைக்கலாம்.

குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுத்தும் அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, இதுவரை இல்லாத பாதிப்பு புதிதாகத் தோன்றினாலோ, அதை வெயிலின் கணக்கில் எழுதிவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது நோயின் மறுதாக்கமாகவோ தொற்றாகவோ இருக்கலாம். உடல் கொதித்து, மனக்குழப்பமோ மயக்கமோ ஏற்பட்டால் அது வெப்பத்தாக்கு; உடலை நனைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

வேலைக்குச் செல்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் எம்.எஸ். இடம்பெற்றிருப்பதை அறிந்திருப்பது நல்லது. கோடை மாதங்களில் பணிநேரத்தை முன்கூட்டித் தொடங்குவதற்கும் குளிர்ந்த அறையில் இருக்கை பெறுவதற்கும், மருத்துவரின் கடிதத்துடன் எழுத்து மூலமாகவே விண்ணப்பிக்கலாம்.