"எனக்கு ஐந்து மணி நேரம் போதும்": தூக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஐந்து மணி நேரம் தூங்கினாலே போதும், பழகிவிட்டது" என்று சொல்லும் ஒருவரையாவது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. முதல் தவறு அங்கேதான் இருக்கிறது: தூக்கம் போதுமா என்ற கேள்வியைத் தூக்கம் கெட்ட மூளையிடமே கேட்கிறோம்.

2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமானவர்களைக் குழுக்களாகப் பிரித்து, 14 நாட்களுக்குச் சிலருக்கு நான்கு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு எட்டு என்று இரவுத் தூக்கத்தை அளந்து கொடுத்தார்கள். பகலில் கவனத்தையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். நான்கு மணி நேரக் குழுவும் ஆறு மணி நேரக் குழுவும் நாளாக நாளாகத் தடுமாறின. இரண்டு வாரம் முடிந்தபோது, ஓரிரு இரவுகள் பொட்டுத் தூக்கம் இல்லாமல் விழித்திருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாகக் கூடவில்லை. தடுமாற்றம் ஏறிக்கொண்டே போனது. அதை உணர்வது மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் வற்புறுத்துவது காரணத்தோடுதான். குறைந்த தூக்கத்திலும் நன்றாக இயங்கும் மரபணு அமைந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மிக அரிது. நாமும் அதில் ஒருவர் என்று எண்ணிக்கொள்வது ஆபத்து.

தூக்கத்தை வீண்போகும் நேரமாக நினைப்பது இன்னொரு தவறு. மற்ற உயிர்களைப் பார்த்தால் இந்த நினைப்பு நிற்காது. தூங்கும் விலங்கு இரை தேடுவதில்லை, குட்டியைக் காப்பதில்லை, எதிரி நெருங்கினாலும் சட்டென்று அறிவதில்லை. இவ்வளவு ஆபத்து இருந்தும் எந்த விலங்கும் தூக்கத்தை உதறிவிட்டதாகத் தெளிவான சான்று இல்லை; வளைந்து கொடுத்தாவது வைத்திருக்கின்றன. டால்பின் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதனால் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு, மறுபாதியோடு நீந்துகிறது. ஃபிரிகேட் என்ற கடற்பறவை நாள்கணக்கில் தரையிறங்காமல் பறக்கும். அப்போது பறந்தபடியே நாளுக்குச் சராசரியாக 42 நிமிடம் கண்ணயர்கிறது என்று 2016-இல் அளந்து சொன்னார்கள். கரைக்கு வந்ததும் அதே பறவை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது காசியோப்பியா என்ற ஜெல்லிமீன். அதற்கு மூளையே கிடையாது. ஆனாலும் இரவில் அதன் துடிப்பு தணிகிறது, தொட்டால் தாமதமாகவே அசைகிறது, இரவில் தொந்தரவு செய்தால் மறுநாள் சோர்ந்துவிடுகிறது. 2017-இல் வெளிவந்த செய்தி இது. மூளை தோன்றுவதற்கு முன்பே தூக்கம் தோன்றியிருக்கலாம் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது.

தூக்கத்தை அடியோடு பறித்தால் என்ன ஆகும்? 1980-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலிகளைத் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றும் அவை மெலிந்தன. சில வாரங்களுக்குள் இறந்தன. பழ ஈக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. தூக்கம் பறிக்கப்பட்ட ஈக்களின் குடலில் செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் குவிந்திருந்தன. அவற்றை முறிக்கும் பொருளைக் கொடுத்ததும் ஈக்கள் தூங்காமலேயே ஏறக்குறைய வழக்கமான ஆயுளோடு இருந்தன. எல்லோரும் மூளையைப் பார்த்துக்கொண்டிருக்க, சேதம் குடலில் இருந்தது. ஆக, தூக்கம் மூளைக்கு மட்டும் உரியது என்று நினைப்பதும் சரியில்லை. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். தடுப்பூசி போட்ட நாட்களில் தூக்கம் குறைந்தால் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளும் குறைகிறது. அன்று படித்தது மனதில் ஊன்றுவதும் இரவில்தான். தேர்வுக்கு முந்தைய இரவை விழித்தே கழிக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

குளிர்காலத்தில் சில விலங்குகள் அசையாமல் முடங்கிக் கிடக்கும் குளிர்கால உறக்கத்தைத் தூக்கம் என்று எண்ணுபவர்கள் நிறையப் பேர். அது வேறு, தூக்கம் வேறு. தரை அணில்களின் உடல் வெப்பம் அப்போது உறைநிலை அருகே இறங்கிவிடும். மூளையின் மின்னலைகளும் ஏறக்குறைய அடங்கிவிடும். இடையிடையே சேமித்த கொழுப்பைச் செலவழித்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கின்றன. சூடேறியதும் முதலில் செய்வது, பல நாள் விழித்திருந்தவர்களைப் போல அடித்துப்போட்டாற்போலத் தூங்குவது!

இனி அன்றாடத் தவறுகள். மாலையில் காப்பி குடித்துவிட்டு "எனக்கு அது ஒன்றும் செய்யாது" என்பவர்கள் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணைச் சொருகவைப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. காப்பியில் இருக்கும் காஃபின் அடினோசினை அகற்றுவதில்லை, அது உட்காரும் இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு அதிக அளவில் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைவதை 2013-இல் பதிவு செய்திருக்கிறார்கள். மது சீக்கிரம் தூங்கவைக்கும்; ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

தூக்கம் வராதபோது கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புரள வேண்டாம். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். வாரநாட்களில் விட்டதை விடுமுறையில் நண்பகல்வரை தூங்கி ஈடுகட்டினால் அன்றிரவுத் தூக்கமும் தள்ளிப்போகும். பதின்வயதினர் தாமதமாக எழுவதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். அந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, அவர்களுக்குத் தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம்.

குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் கவலைக்குரியது. உரத்த குறட்டை திடீரென்று நின்று, மூச்சுத் திணறி மறுபடி தொடங்கினால், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முறை நடந்தாலும் தூங்குபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பகலெல்லாம் தூங்கிவழிவது மட்டுமே அவருக்குத் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனித்து மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.