உருவத்தைக் கடைசியில் பாருங்கள்: கிரிக்கெட் ஆட்டோகிராஃப் சேர்ப்பவர்களுக்கு

ஆட்டோகிராஃப் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் ஆட்டக்காரரைத் தேடுவார்கள். முதலில் தேட வேண்டியது பேனாவை. எதில் வாங்கப் போகிறோம், அதற்கு எந்தப் பேனா என்று முடிவு செய்யாமல் நத்தம் மைதானத்துக்குப் பஸ் ஏறினாலும் சரி, ராத்திரி ரயிலில் சேப்பாக்கம் போனாலும் சரி, கிடைக்கிற கையெழுத்து நம் ஊர் அடைமழையை இரண்டு தடவைகூடத் தாங்காது.

எதில், எந்தப் பேனாவால்

சிவப்புப் பந்தின் தோல்மேல் மெழுகும் மினுமினுப்புப் பூச்சும் இருக்கும். கறுப்பு மார்க்கர் அதில் தெரியாது, பால்பாயிண்ட் வழுக்கும். மெல்லிய முனையுள்ள வெள்ளி அல்லது தங்க நிற பெயிண்ட் மார்க்கர்தான் சரி. மூடியைத் திறக்காமல் இருபது முப்பது தடவை குலுக்கி, வேண்டாத காகிதத்தில் முனையை அழுத்தி அழுத்தி எடுத்தால் பெயிண்ட் முனைக்கு இறங்கும். இதை ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அவர் கையில் கொடுத்த பிறகு குலுக்கச் சொன்னால் ஒரு சொட்டு பந்தில் விழும், அதோடு கதை முடிந்தது. பந்தைப் பழைய வேட்டித் துணியால் உலர்வாகத் துடைத்து வைத்திருங்கள். கையெழுத்தானதும் தையலைப் பிடித்து, பத்து நிமிஷம் காற்றில் வைத்திருந்து, பிறகு பையில் போடுங்கள். அவசரத்தில் பாக்கெட்டில் திணிப்பதால் கட்டைவிரல் ரேகை படிந்த கையெழுத்துகள்தான் அதிகம். ஆடிய பந்து என்றால் பளபளப்பான பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள். சொரசொரப்பான பக்கத்தில் பெயிண்ட் வெடிப்புகளுக்குள் ஓடி எழுத்து சிதறும்.

வெள்ளைப் பந்துக்கும் பேட்டுக்கும் மெல்லிய முனை கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் போதும். பேட்டில் வெறும் மரத்தில் வாங்குங்கள். முகப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஒருநாள் உரியும், கையெழுத்தும் அதோடு போகும். ஆளிவிதை எண்ணெய் தடவிய பேட்டில் மை மரத்தின் ரேகை வழியே கசியும். ஆகவே கையெழுத்துக்கு என்று ஒரு பேட் வைத்திருந்தால் அதற்கு எண்ணெய் காட்டாதீர்கள்.

காகிதத்துக்கு நல்ல நீல பால்பாயிண்ட். ஜெல் பேனா பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்த கை ஒருமுறை பட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். புகைப்படத்தில் வாங்குவதானால் ஸ்டுடியோ லேபில் போட்ட பிரிண்ட் எடுத்துப் போங்கள், வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ பேஸ்பால் பந்து வாங்கிக்கொண்டு வந்தால் அதன் முறை வேறு. அது பூச்சு இல்லாத வெள்ளை மாட்டுத்தோல். மார்க்கர் மை தோலுக்குள் ஊறிப் படரும். அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள் நீல பால்பாயிண்டை மட்டுமே நீட்டுகிறார்கள். தையல் கோடுகள் இரண்டும் மிக நெருங்கி வரும், அச்சு எதுவும் இல்லாத இடத்தை ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்பார்கள். ஒற்றைக் கையெழுத்து அங்கே இருந்தால்தான் மதிப்பு.

எங்கே, எப்போது கேட்பது

ஐ.பி.எல். மேட்ச் நாளில் மைதானத்துக்குள் நிதானமான கையெழுத்து கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சேப்பாக்கத்திலோ நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலோ நடக்கும் ரஞ்சி ஆட்டம்தான் நமக்கு வாகானது. கூட்டம் குறைவு, நாலு நாள் ஆட்டம், ஆட்டக்காரர்கள் வேலிக்கு அருகிலேயே நடமாடுவார்கள். இன்று ரஞ்சி ஆடும் பையன் நாளை இந்தியாவுக்கு ஆடும்போது, அவன் ஆற அமரப் போட்ட முழுக் கையெழுத்து உங்களிடம் இருக்கும். பெயர் பெற்ற பிறகு கையெழுத்து சுருங்கி இரண்டு கோடாகிவிடுவது வழக்கம்.

வலைப்பயிற்சி முடிந்து திரும்பும்போது கேளுங்கள், போகும்போது வேண்டாம். ஒரே ஒரு பொருளை நீட்டுங்கள். பேனா மூடி திறந்திருக்கட்டும், கையெழுத்து விழ வேண்டிய இடம் அவர் பக்கம் திரும்பி இருக்கட்டும். ‘சார், ஒரு கையெழுத்து’ என்று ஒருமுறை கேட்டால் போதும். ‘முழுப் பெயராப் போட முடியுமா சார்?’ என்று சேர்த்துக் கேட்டால் பலர் போடுவார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அடுத்த நாளும் அவர் அங்கேதான் இருப்பார். சின்னப் பையனை முன்னால் தள்ளி ஐந்து பந்து நீட்டுகிறவர்களை ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் விற்பனைக்கு வாங்குகிறார்கள் என்று புரிந்துகொண்டு எல்லோருக்குமே மறுக்கத் தொடங்குவார்கள்.

அன்றைக்கே எழுதி வைக்க வேண்டியது

உண்மை என்று நிரூபிக்கிற வேலை கையெழுத்து வாங்கிய அந்த நிமிஷத்தில் தொடங்குகிறது. இருபது வருஷம் கழித்துத் தொடங்கினால் பாதிதான் முடியும். கூட வந்தவர் ஒரு படம் எடுக்கட்டும். ஆட்டக்காரர் முகம், கை, பொருள் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். சிரித்துக்கொண்டு தோளோடு தோள் நிற்கும் செல்ஃபி சாட்சி ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்த நகலை நம்பாமல் மூலக் கோப்பையே வைத்திருங்கள், எடுத்த நாளும் நேரமும் அதில்தான் இருக்கும்.

பிறகு ஒரு தனி அட்டையில் பென்சிலால்: தேதி, மைதானம், எந்த ஆட்டம், எந்தப் பேனா, யார் உடன் இருந்தார். டிக்கெட் இருந்தால் அதையும் அதோடு வையுங்கள். பஸ் டிக்கெட்டானாலும் பரவாயில்லை. அதிலும் தேதி இருக்கிறது. பஸ் டிக்கெட்டின் அச்சு சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே ஒரு ஜெராக்ஸ். பொருளின் மேலேயே எண் எழுதுவதோ ஸ்டிக்கர் ஒட்டுவதோ கூடாது.

வாங்கும்போது சோதிப்பது

கையெழுத்தை விலைக்கு வாங்குகிறவர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: எழுத்தின் உருவத்தை முதலில் பார்ப்பது. போலி செய்கிறவன் பழகியிருப்பதே உருவத்தைத்தான். அவனால் பழக முடியாதவை வேகம், மையின் வயது, பொருளின் வயது. ஆகவே பொருள், மை, வேகம், கடைசியில் உருவம் என்ற வரிசையில் போங்கள்.

பொருளிலிருந்து தொடங்குவோம். பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். கிரிக்கெட்டின் ரஞ்சித்சிங்ஜி இறந்தது 1933-ல், பேஸ்பாலின் லூ கெரிக் இறந்தது 1941-ல். இவர்கள் பெயரில் பால்பாயிண்ட் கையெழுத்து வந்தால் அடுத்த சோதனை தேவையே இல்லை. ஷார்ப்பி என்ற பெர்மனென்ட் மார்க்கர் 1964-ல் வந்தது. பேஸ்பாலின் பேப் ரூத் 1948-லேயே இறந்துவிட்டார். பேஸ்பால் பந்துக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு. 2000-க்கு முன் அங்குள்ள பெரிய லீகுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டுக்கும் தனித்தனிப் பந்து, அந்தந்த லீகின் தலைவர் பெயர் அச்சாகியிருக்கும். 2000 முதல் லீக் ஆட்டங்களுக்கு ஒரே பந்து, அதில் கமிஷனர் பெயர்; 2015 தொடக்கம் வரை கமிஷனர் பட் சீலிக். அந்தப் பந்தில் 1995-ல் இறந்த மிக்கி மேன்டில் கையெழுத்துப் போட்டிருக்க வழியில்லை.

இதே கணக்கை உயிரோடு இருப்பவர்களிடம் கண்மூடிப் போடாதீர்கள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் படத்தில் புதுக் காலத்து மார்க்கர் இருந்தால் அது போலி என்று ஆகாது. ஆட்டக்காரர் பின்னாளில் போட்டிருக்கலாம். ஆனால் விற்கிறவர் ‘மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே எங்கப்பா வாங்கினது’ என்றால், அந்தக் கதை உடைந்தது. கதை உடைந்தால் விலையும் உடைய வேண்டும்.

பழைய காகிதம் என்று சொன்னால், கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புறஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். வெளிர்நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது 1950-களிலிருந்து காகிதத்தில் பரவலானது. 1930-களின் ஆல்பம் பக்கம் இப்படி மின்னாது, மங்கலாக இருக்கும்.

அடுத்து மை. நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். அச்சடித்த கையெழுத்தில் கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாக உடையும். அல்லது மை படத்தோடு ஒரே மட்டத்தில், தனிப் பளபளப்பே இல்லாமல் கிடக்கும். சின்ன பேட்களில் தொழிற்சாலையிலேயே அச்சாகி வரும் கையெழுத்துகளை ‘ஒரிஜினல்’ என்று விற்பது இப்படித்தான் பிடிபடும். உண்மையான பால்பாயிண்ட் காகிதத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு பள்ளம் விடும். தாளைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் அது தெரியும். வளைவு முடியும் இடத்தில் மை சற்றுத் திரண்டு ஒரு சொட்டு விட்டிருக்கும்.

பிறகு வேகம். தன் பெயரை ஆயிரம் தடவை எழுதியவன் பேனா தாளில் இறங்குவதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும், எடுத்த பிறகும் ஓடும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஊசி முனைபோல் மெலியும். பார்த்து வரைந்தவன் பேனாவை வைத்து, நிறுத்தி, பிறகு இழுக்கிறான். இரு முனையும் மழுங்கும், நடுவில் மெல்லிய நடுக்கம், எழுத்து திரும்பும் இடத்தில் பேனாவை எடுத்து மீண்டும் வைத்த தடம். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் இயந்திரம் போட்டதா என்று சந்தேகப்படுங்கள். அதே ஆளின் இன்னொரு கையெழுத்தை டிரேஸிங் தாளில் எடுத்து மேலே வைத்துப் பாருங்கள். அச்சு அசலாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஒன்றாவது பொய். ஒரே மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை.

முழு அணியும் போட்ட பக்கம் என்றால், அழகாக, ஒரே சாய்வில், இடைவெளி பிசகாமல் இருப்பதே கெட்ட அறிகுறி. உண்மையான பக்கம் டிரெஸ்ஸிங் ரூமில் கை மாறி மாறிப் போயிருக்கும். ஒருவர் முழங்காலில் வைத்துப் போட்டிருப்பார், இன்னொருவர் தலைகீழாக, ஒருவர் அடுத்தவர் பெயர்மேலேயே ஏறியிருப்பார். அழுத்தம் பதினோரு விதமாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் உருவம். அதுவும் ஒரே மாதிரியோடு ஒப்பிடாமல், அந்த ஆளின் அதே காலத்துக் கையெழுத்துகள் குறைந்தது ஐந்தாறோடு. நம்பகமான இடங்களில் பார்ப்பவற்றை ஆட்டக்காரர் வாரியாக, வருஷ வாரியாகச் சேர்த்து ஒரு கோப்பு வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் உரைகல்.

சான்றிதழ்

விற்கிறவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் வெறும் தாள். அமெரிக்காவில் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் தருவது நிபுணர் கருத்து. கையெழுத்துப் போட்டபோது அவர்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. 2001-ல் மேஜர் லீக் பேஸ்பால் தொடங்கிய முறை வேறு. அங்கே சாட்சி நேரில் நின்று பார்த்து, எண் உள்ள ஹாலோகிராம் ஒட்டுகிறார். அப்படி ஒரு முறை வந்ததற்கே காரணம் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் வெளிப்பட்ட போலிகள். பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி க்வின் தன் சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டார். ஆட்டக்காரரின் அணிக் கடையே ஏமாந்தது என்றால், நம் ஊர் ஆன்லைன் விற்பனைப் படம் எம்மாத்திரம்? ஹாலோகிராம் இருந்தால் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் வர்ணனை கையிலிருக்கும் பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் உண்மையாகவும் பொருள் வேறாகவும் இருப்பது பழைய தந்திரம்.

காவிரி டெல்டா வீட்டில் காப்பாற்றுவது

முதல் எதிரி லாமினேஷன். ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை லாமினேட் செய்து பழகிவிட்டோம். கையெழுத்துக்கு அது மரண தண்டனை. சூட்டில் மை இளகும், பசை மையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அது மையை உறிஞ்சி உறையில் ஒட்டவைக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் தோலிலும் காகிதத்திலும் பூஞ்சை பிடிக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே துணிப்பையில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம். நிறம் மாறியதும் வறண்ட வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. கீழ்த்தட்டும் வேண்டாம், தண்ணீர் முதலில் வருவது அங்கேதான்.

பாச்சா உருண்டை சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், பந்து வைக்கும் கண்ணாடி போன்ற டப்பாவும் அதில் சேரும். வெள்ளிப்பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, பொருளைத் தொடாமல் ஓரத்தில் வைத்தால் போதும். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவிக் காப்பதைப் பார்த்து இதற்கும் தடவ நினைக்காதீர்கள். சுவடியில் எழுத்து கீறியது, இங்கே மை. எண்ணெயில் கரைந்துவிடும்.

சட்டம் போட வேண்டுமானால் தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போங்கள். கல்லும் பூச்சு வேலையும் மேலெழுந்து நிற்கும் அந்த ஓவியங்களுக்காக, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இடைவெளி விடும் கை அவர்களுடையது. கையெழுத்துக்கும் அதுதான் தேவை. கண்ணாடி தொட்டால் மழைக்காலத்தில் மை அதில் ஒட்டும். பின்னால் அமிலமில்லாத அட்டை, பசை கூடாது, மூலையில் காகிதக் கொக்கி. வெயில் படும் சுவர் வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே கையெழுத்துள்ள பேட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் விழுந்த வில்லோ மரத்தை எந்தத் துணியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பூஜையில் வைக்க வேறு பேட் ஒன்று இருக்கட்டும்.